ஏ05.9: எந்தக் கிருமி என்று தெரியாதபோது எழுதும் கோட்

முதலில் ஒரு சார்ட், அதாவது ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே எழுதியது, ஆனால் அமெரிக்க அவசரச் சிகிச்சைப் பிரிவு சார்ட்களைக் கையாளும் எவருக்கும் இது பழகிய முகம்தான்.

34 வயது ஆண். மதிய விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டிருக்கிறார். நாலு மணி நேரத்தில் குமட்டலோடு வாந்தி ஆரம்பித்து நிற்கவே இல்லை, அப்புறம் பேதியும் சேர்ந்துகொண்டது. காய்ச்சல் இல்லை. கூடச் சாப்பிட்ட இரண்டு பேருக்கும் இதே நிலைமை. நாக்கு வறண்டிருக்கிறது, டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள், வாந்தி நிற்க ஊசி போடுகிறார்கள், மூன்று மணி நேரத்தில் தேறி வீட்டுக்குப் போய்விடுகிறார். மலப் பரிசோதனை செய்யவில்லை. கடைசியில் டாக்டர் எழுதிய டயக்னோசிஸ் இரண்டே வரி: ஃபுட் பாய்சனிங். டீஹைட்ரேஷன்.

இந்த சார்ட் சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு மெடிக்கல் கோடரின் திரைக்கு வருகிறது. டாக்டர் வார்த்தையில் எழுதிய நோய்க்கு அதற்குரிய குறியீட்டை, அதாவது கோடை, எழுதுவதுதான் கோடரின் வேலை. அவர் எழுத வேண்டியது ஏ05.9, அதோடு டீஹைட்ரேஷனுக்கு இ86.0. அவ்வளவுதான். வாந்திக்கும் பேதிக்கும் தனியாகக் குறியீடு வேண்டாம், ஏனென்றால் அவை அந்த நோயோடு வழக்கமாகவே வருகிற அறிகுறிகள். உடம்பில் நீர் வற்றிப்போவது எல்லோருக்கும் வருவதில்லை, அதனால் அதற்கு மட்டும் தனி இடம்.

சொல்லும்போது இவ்வளவு சுலபமாக இருக்கிற விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம் அந்த 9. ஏ05.9-இன் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் 'உணவு வழியாக வந்த பாக்டீரியா நஞ்சேற்றம், எதனால் என்று குறிப்பிடப்படாதது'. அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்ததும், ஏதோ வேலையை அரைகுறையாக விட்டுவிட்டோம் என்று ஒரு பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயம் தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சில இடங்களில் அந்த 9 மட்டும்தான் உண்மை, அதைவிட ஒரு படி கூடுதலாக எழுதினால் அது பொய்யாகிவிடும்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். டாக்டர்கள் நோயை வார்த்தையில் எழுதுகிறார்கள், ஒரே நோயை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அதை உலகம் முழுக்க எண்ணிப் பார்க்கவும் ஒப்பிடவும் வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே அடையாளத்தை வைக்க வேண்டும். அதற்காக உலக சுகாதார நிறுவனம் நடத்தும் வகைப்பாடுதான் ஐசிடி. அதன் பத்தாவது பதிப்பை அமெரிக்கா தன் தேவைக்கு விரித்து ஐசிடி-10-சிஎம் என்று வைத்துக்கொண்டது. 2015 அக்டோபர் 1 முதல் அங்கே அதுதான் நடைமுறை, 70,000-க்கும் மேற்பட்ட குறியீடுகள். முதல் அத்தியாயம் தொற்று நோய்கள், அதன் முதல் பக்கங்கள் முழுக்க வயிறு. ஏ00 காலரா, ஏ01 டைஃபாய்டு, ஏ02 மற்ற சால்மொனெல்லா தொற்றுகள், ஏ03 ஷிகெல்லா, ஏ04 மற்ற பாக்டீரியா குடல் தொற்றுகள், ஏ05 நம்முடையது, ஏ06 அமீபா, இப்படியே ஏ09 வரை போகும்.

ஏ05-க்குள் நுழைந்தால் ஒவ்வொரு அறையிலும் ஒரு கிருமி. ஏ05.0-இல் ஸ்டஃபிலோகாக்கஸ். சமைத்தவரின் கையிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவுக்குப் போய், வெளியே வைத்த உணவில் பெருகி, நஞ்சைக் கக்கி வைத்துவிடும். அப்புறம் சூடு பண்ணினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி. ஏ05.1 பாட்டுலிசம், சரியாகப் பதப்படுத்தாத டின் உணவுகளோடு சேர்த்துப் பேசப்படுவது, வயிற்றைவிட நரம்பைத் தாக்குவது. ஏ05.4 பேசில்லஸ் சீரியஸ், சோற்றோடு பெயர் சேர்ந்த கிருமி. அதன் வித்துகள் சோறு வேகும் கொதியிலும் தப்பிவிடும், வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் முளைத்துப் பெருகும்.

ஏ05.2 கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். பெரிய அண்டாவில் கறி சமைத்து மெதுவாக ஆற விடுகிற இடங்களில் வருவது. இதே அறைக்குள் பிக்பெல் என்று இன்னொரு பெயரும் இருக்கிறது, பப்புவா நியூ கினியின் மலைப்பகுதி மக்கள் பன்றிக்கறி விருந்துகளுக்குப் பிறகு வந்த கொடிய குடல் நோய்க்கு அவர்கள் பேச்சுமொழியிலேயே வைத்த பெயர். அந்த மக்களின் சொல் அப்படியே உலக வகைப்பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏ05.3 விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950-இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில், பாதி காய்ந்த குட்டி மத்தி மீனைச் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்துபோனார்கள். காரணம் தேடிய ஃபுஜினோ சுனேசபுரோ கண்டுபிடித்த கிருமி இது. அதற்கு முன்னால் இதே கிருமியால் படுத்தவர்கள் இருந்திருப்பார்கள் இல்லையா, அவர்களுக்கெல்லாம் அன்று எழுதக்கூடியது 'எதனால் என்று தெரியவில்லை' என்பது மட்டும்தான். ஏ05.5 விப்ரியோ வல்னிஃபிகஸ், பச்சைச் சிப்பி சாப்பிடுவதோடு தொடர்புடையது, அமெரிக்கப் பதிப்பில் இதற்குத் தனி அறை உண்டு.

அதற்கப்புறம் ஏ05.8, ஏ05.9. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் ஐசிடி முழுவதிலும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பெரும்பாலான இடங்களில் 8 என்றால் 'மற்றவை', 9 என்றால் 'குறிப்பிடப்படாதது'. டாக்டர் ஒரு கிருமியின் பெயரைச் சொல்லிவிட்டார், ஆனால் அந்தக் கிருமிக்கு இந்த வரிசையில் தனி அறை இல்லை என்றால் 8. டாக்டர் பெயரே சொல்லவில்லை என்றால் 9. 8 எழுதும்போது குறை புத்தகத்தில் இருக்கிறது, 9 எழுதும்போது தகவல் சார்ட்டில் இல்லை. இரண்டையும் மாற்றி எழுதுவது ஆடிட்டில் நான் அடிக்கடி பார்க்கிற தவறு, எப்படியோ இரண்டும் 'தெளிவில்லாதது' என்று மனதில் பதிந்துவிடுகிறது.

இப்போது அந்த சாலட் சார்ட்டுக்குத் திரும்புங்கள். நம் ஊரில் கோடிங்குக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, நர்சிங், ஃபார்மசி படித்தவர்கள். அவர்களுக்கு அந்த சார்ட்டைப் படித்ததும் உள்ளுக்குள் ஒரு மணி அடிக்கும். மயோனைஸ் போட்ட சாலட், நாலு மணி நேரம், வாந்திதான் முதலில், காய்ச்சல் இல்லை, கூடச் சாப்பிட்டவர்களுக்கும் வந்திருக்கிறது, இது ஸ்டஃபிலோகாக்கஸ்தானே? பரீட்சையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் அதுதான் விடை. ஏ05.0 என்று கை போய்விடும்.

அந்த அறிவு உண்மையான அறிவு, அதை மதிக்கிறேன். ஆனால் அதை அந்த இடத்தில் எழுத நமக்கு உரிமை இல்லை. நோயாளியைப் பார்த்தவர் டாக்டர், கையெழுத்துப் போட்டவர் டாக்டர், அவர் அந்தப் பெயரை எழுதவில்லை. பேசில்லஸ் சீரியஸும் இதே நேரக் கணக்கில் வாந்தியை வரவைக்கும், வைரஸும் விருந்துக்கு வந்த பலரை ஒரே நேரத்தில் படுக்க வைக்கும், டாக்டர் எதை மனதில் வைத்துப் பெயர் சொல்லாமல் விட்டார் என்பது திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நமக்குத் தெரியாது. நாம் ஊகித்து எழுதிய ஏ05.0 அந்த மனிதரின் மருத்துவ வரலாற்றில் உறுதி செய்யப்பட்ட நோய்போலப் போய் நின்றுவிடும். அப்புறம் யாரும் வந்து அது ஒரு கோடரின் ஊகம் என்று பக்கத்தில் குறிப்பு எழுதப் போவதில்லை.

'ஃபுட் பாய்சனிங்' என்று மட்டும் இருக்கிறதே, பாக்டீரியா என்று டாக்டர் சொல்லவே இல்லையே, நாம் எப்படி ஏ05.9-இன் பாக்டீரியாவுக்குப் போகலாம் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை நம் ஊகத்தில் இல்லை, இன்டெக்ஸில் இருக்கிறது. அகர வரிசைப் பட்டியலில் பாய்சனிங் என்ற சொல்லுக்குக் கீழே உணவு என்று தேடிப் போனால், வேறு விவரம் எதுவும் சொல்லப்படாதபோது அது கொண்டுபோய் விடும் இடம் ஏ05.9. பழைய ஐசிடி-9-இல் இதற்கு நேரான 005.9-இன் பெயரே 'ஃபுட் பாய்சனிங், குறிப்பிடப்படாதது' என்றுதான் இருந்தது, அந்த வழி இன்றுவரை தொடர்கிறது. இன்டெக்ஸில் பார்த்ததோடு நிறுத்திவிடாமல், குறியீடுகளை வரிசையாக அடுக்கியிருக்கும் டேபுலர் பகுதியில் அந்தக் கோட் இருக்கும் பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள குறிப்புகளைப் படிப்பதும் கட்டாயம். ஏ05-இன் தலையில் எக்ஸ்க்ளூட்ஸ்1 என்று ஒரு குறிப்பு இருக்கிறது, இவற்றை இங்கே எழுதாதே என்று அர்த்தம். சால்மொனெல்லா என்றால் ஏ02-க்குப் போ, ஈ.கோலி என்றால் ஏ04-க்குள் போ, லிஸ்டீரியா என்றால் ஏ32-க்குப் போ, விஷக் காளான், நச்சு மீன் மாதிரி உணவே இயற்கையாக நஞ்சாக இருந்தால் டி61, டி62 (ஆங்கில T வரிசை) பக்கம் போ என்கிறது.

பெயரில் 'நஞ்சேற்றம்' என்று இருக்கிறதே, தொற்று இல்லையா? இந்தக் கேள்வியும் வகுப்பில் எப்போதும் வரும். பாடப் புத்தகப்படி உணவிலேயே நஞ்சு தயாராகி வயிற்றுக்குப் போனால் நஞ்சேற்றம், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகினால் தொற்று. ஏ05 முதல் வகைக்கு, ஏ04 இரண்டாம் வகைக்கு என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பிரிவினையை ரொம்ப நம்பாதீர்கள், ஏனென்றால் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் குடலுக்குள் பெருகித்தான் நோய் தருகிறது, அதையும் ஏ05-இல்தான் வைத்திருக்கிறார்கள். வகைப்பாடு என்பது கிருமியியல் பாடம் அல்ல, வழக்கத்தாலும் தேவையாலும் அடுக்கிய அலமாரி. நடைமுறையில் டாக்டர் 'பாக்டீரியா குடல் தொற்று' என்று எழுதி, உணவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கிருமியின் பெயரையும் சொல்லாமல் விட்டிருந்தால் அது ஏ04.9. உணவால் வந்தது என்று சொல்லியிருந்தால் ஏ05.9.

இதோடு குழம்பிப்போகிற இன்னும் சில அக்கம்பக்கத்துக் குறியீடுகளும் உண்டு. 'அக்யூட் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்' (திடீரென வரும் வயிறு, குடல் அழற்சி) என்று மட்டும் இருந்தால் அமெரிக்கப் பதிப்பில் அது கே52.9, அதாவது தொற்றல்லாத பகுதி. 'இன்ஃபெக்‌ஷியஸ்' என்ற ஒரு சொல் முன்னால் வந்தால் ஏ09. 'வைரல்' என்றால் ஏ08.4. நம் ஊர் மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏஜிஇ என்று சுருக்கி எழுதுகிறார்களே, அதேதான் இது, ஆனால் இங்கே கணக்கு வேறு. இந்தியாவில் புழங்குவது உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பதிப்பு, அதில் காரணம் சொல்லாத கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸுக்கு ஏ09.9 என்று இடம் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் ஏ09-க்குப் பின்னால் புள்ளியே கிடையாது, மூன்று எழுத்தோடு அது முழுமை. அமெரிக்க சார்ட்களில் பழகியவர்கள் வீட்டில் யாருக்காவது மெடிக்கல் இன்சூரன்ஸ் கிளைம் படிவம் வரும்போது, மருத்துவமனை நிரப்பிய ஐசிடி கட்டத்தைப் பார்த்துவிட்டு தப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். தப்பில்லை, பதிப்பு வேறு.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அதே சார்ட், அதே நோயாளி, அதே டிரிப்ஸ். டாக்டர் 'ஃபுட் பாய்சனிங்' என்று எழுதாமல் 'ஃபுட் பாய்சனிங்காக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். ஒரே ஒரு சொல்தான் கூடியிருக்கிறது. ஆனால் ஏ05.9 போய்விட்டது. அவுட்பேஷன்ட் சார்ட்டில், அதாவது அட்மிட் ஆகாமல் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு, சந்தேகம், இருக்கலாம், அநேகமாக என்ற சொற்களோடு வரும் நோயை எழுதவே கூடாது என்பது விதி. அங்கே எழுத வேண்டியது உறுதியாகத் தெரிந்த அறிகுறிகள் மட்டும்: குமட்டலோடு வாந்திக்கு ஆர்11.2, வயிற்றுப்போக்குக்கு ஆர்19.7, அதோடு டீஹைட்ரேஷன். அதே நோயாளியை வார்டில் அட்மிட் செய்து, டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலும் டாக்டர் 'அநேகமாக' என்றே எழுதியிருந்தால், இன்பேஷன்ட் விதிப்படி அதை உறுதியான நோயாகவே எடுத்துக்கொண்டு எழுதலாம். முதல் முறை கேட்கும்போது இது நியாயமே இல்லாத மாதிரி தெரியும், எனக்கும் தெரிந்தது. ஆனால் நாலு நாள் படுக்க வைத்துப் பரிசோதனைகள் எல்லாம் செய்து பார்த்த பிறகு வரும் 'அநேகமாக'வுக்கும், மூன்று மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் 'அநேகமாக'வுக்கும் கனம் ஒன்றல்ல.

ஆக, எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எழுது என்பதுதான் விதியின் உள்ளம். அமெரிக்க வழிகாட்டுதலே இதைத் திறந்து சொல்கிறது, ஒவ்வொரு வருகையையும் அந்த வருகையில் எந்த அளவுக்கு உறுதியாகத் தெரிந்ததோ அந்த அளவுக்குக் குறி, அன்ஸ்பெசிஃபைட், அதாவது 'குறிப்பிடப்படாதது' என்ற கோட் சில சமயம் ஏற்கத்தக்கது மட்டுமல்ல, அவசியமும்கூட என்று. இன்னும் ஸ்பெசிஃபிக்காக எழுதுவதற்காக மருத்துவத் தேவை இல்லாத பரிசோதனையைச் செய்யச் சொல்வது முறையல்ல என்றும் அதில் இருக்கிறது. அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும். வாந்தி நின்று வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் மனிதரிடம், நம் கட்டத்தை நிரப்புவதற்காக மலம் கேட்கக் கூடாது.

டாக்டர்கள் ஏன் பெயர் கண்டுபிடிக்காமல் விடுகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் அது சிகிச்சையை மாற்றாது என்பதால்தான். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் நோயாளி சரியாகி வேலைக்குப் போயிருப்பார். ரத்தத்தோடு பேதி, கடுமையான காய்ச்சல், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், ஊரில் பலருக்கு ஒரே நேரத்தில் என்று ஏதாவது இருந்தால் கதை வேறு, அப்போது கட்டாயம் தேடுவார்கள். இப்போதெல்லாம் சில மணி நேரத்தில் பல கிருமிகளைச் சேர்த்துப் பார்க்கும் பிசிஆர் பேனல்களும் வந்துவிட்டதால் பெயரோடு வரும் சார்ட்கள் முன்னைவிடக் கிடைக்கின்றன.

அப்படியும் பெயர் தெரியாததுதான் உலகத்தில் அதிகம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அந்த நாட்டில் ஆண்டுக்கு சுமார் 4 கோடியே 78 லட்சம் பேர் உணவால் நோயுறுகிறார்கள். அதில் பெயர் தெரிந்த 31 கிருமிகளின் கணக்கு 94 லட்சம். மீதி 3 கோடியே 84 லட்சம், அதாவது ஐந்தில் நாலு பங்கு, குறிப்பிடப்படாத காரணங்கள். அவ்வளவு பெரிய ஆய்வுக் கூடங்களும் நிபுணர்களும் வைத்துக்கொண்டு அவர்களே 'குறிப்பிடப்படாதது' என்று ஒரு பெரிய கட்டத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் வெளியான மரணப் பட்டியல்களிலும் 'குடலை முறுக்கும் வலி' என்ற பொருளில் ஒரு தலைப்பு இருந்தது. இறந்தவரின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, என்ன கண்டார்களோ அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் வயதான ஏழைப் பெண்கள். அவர்கள் பார்த்தது வயிறு, சொன்னதும் வயிறு, அதற்குமேல் இட்டுக்கட்டவில்லை. ஏ05.9-ஐ எழுதும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும்.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தவறாகிவிடும். 9 எழுதலாம் என்பது, தேடாமல் 9 எழுதலாம் என்பதற்கு அனுமதி அல்ல. டார்கெட் நெருக்கும்போது முதல் பக்கத்தில் 'ஃபுட் பாய்சனிங்' கண்ணில் பட்டதும் கோட் போட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகிற பழக்கம் வந்துவிடும். நாலாம் பக்கத்தில் டாக்டரே 'மலத்தில் சால்மொனெல்லா உறுதி, அதற்கேற்ற மருந்து தொடங்கியாயிற்று' என்று எழுதியிருப்பார். அந்த சார்ட்டில் ஏ05.9 எழுதினால் அது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, எக்ஸ்க்ளூட்ஸ்1-ஐ மீறிய நேரடித் தவறு, ஏ02.0 வந்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனம் திருப்பி அனுப்பினால் பணம் தாமதமாகும், அது ஒரு பக்கம். ஒரே வாரத்தில் ஒரே ஊரிலிருந்து வந்த பத்து சால்மொனெல்லா சார்ட்கள் பத்து ஏ05.9-ஆக மாறிவிட்டால், அந்தக் குறியீடுகளை வைத்து எதையும் எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பத்துப் பேரும் கண்ணில் படமாட்டார்கள். நான் புதியவர்களிடம் கேட்டுக்கொள்வது, 9 எழுதும் முன் லேப் பக்கத்தையும் டிஸ்சார்ஜ் பக்கத்தையும் ஒரு முறை திறந்து பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

லேப் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் இருக்கிறது, டாக்டர் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்றால்? நாமாக ரிப்போர்ட்டைப் பார்த்து நோயை எழுதக் கூடாது. குடலில் கிருமி இருப்பதும் அதனால் நோய் வந்திருப்பதும் ஒன்றல்ல, அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவருக்கு க்வெரி, அதாவது விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு, அனுப்பலாம். அதிலும் 'இது சால்மொனெல்லாதானே, அப்படியே எழுதிவிடலாமா' என்று வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் இன்னது வந்திருக்கிறது, நோயாளிக்கு இந்த அறிகுறிகள் இருந்தன, உங்கள் டயக்னோசிஸைத் தெளிவுபடுத்துங்கள் என்று கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு சூழ்நிலை, ஏனென்றால் இது நேர்முகத் தேர்விலும் வேலையிலும் கட்டாயம் வரும். நோயாளி சனிக்கிழமை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார், மலம் கல்ச்சருக்குப் போயிருக்கிறது, டாக்டர் 'ஃபுட் பாய்சனிங்' என்று எழுதி அனுப்பிவிட்டார். சார்ட் அன்றே கோட் ஆகி கிளைமும் போய்விட்டது, ஏ05.9. செவ்வாய்க்கிழமை கல்ச்சரில் சால்மொனெல்லா வந்தது. புதன்கிழமை நோயாளி தன் குடும்ப டாக்டரிடம் போகிறார், அவர் முடிவைப் பார்த்துவிட்டு 'சால்மொனெல்லா என்டரைட்டிஸ்' என்று எழுதுகிறார். புதன்கிழமை வருகைக்கு ஏ02.0. சனிக்கிழமை வருகை ஏ05.9-ஆகவே இருக்கும். அன்று அந்த அறையில் இருந்த யாருக்கும் சால்மொனெல்லா என்று தெரியாது.